சீட்டு எங்கே?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் தமிழாக்கிய ஓர் ஆங்கில நாவலில் ஒரு கிழவர் வருவார். பழுதான வானொலிப் பெட்டியைத் திறந்து, விட்டுப்போன கம்பியைப் பற்றவைத்து, மூடியைத் திருகிவிட்டு, "பாப்ஸ் யுவர் அங்கிள்" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "பாப் உன் மாமா". ஆங்கிலேயர் பேச்சில் அதற்குப் பொருள், "அவ்வளவுதான், வேலை முடிந்தது". தமிழில் அப்படியே எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பும் போட்டேன். 1887இல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராபர்ட் சாலிஸ்பரி பிரபு, தம் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபரை அயர்லாந்தின் தலைமைச் செயலராக நியமித்தார். ராபர்ட்டின் சுருக்கப் பெயர் பாப். தாய்மாமன் பிரதமராக இருந்தால் எல்லாம் கைகூடும் என்று ஜனங்கள் கேலி பேசியதில் பிறந்தது இந்தத் தொடர் என்று எழுதினேன்.

குறிப்பைப் பாராட்டியவர்கள் உண்டு. நியமனம் உண்மை, உறவு உண்மை, ஆண்டு உண்மை. தொடர் அதிலிருந்து பிறந்தது என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. மூன்று புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது அச்சான பிறகு தெரிந்தது.

இது என் ஒருவனுடைய தவறாக இருந்தால் அதைத் திருத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். லண்டனில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் காட்டுகிறவர் முதல் நம் ஊரில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறவர் வரை எல்லோரிடமும் ஒரே நம்பிக்கை இருக்கிறது. விளங்காத பழைய ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மறந்துபோன ஒரு சம்பவம் ஒளிந்திருக்கிறதாம். ஒரு ராஜா, ஒரு கப்பல், ஒரு சட்டம், ஒரு கொடுமை. அதைத் தோண்டி எடுத்துவிட்டால் தொடர் விளங்கிவிடுமாம். "மூலம் தெரியவில்லை" என்று ஒரு அகராதி சொன்னால், அகராதிக்காரர் சோம்பேறி என்று பொருள் கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு என்பதே என் கட்சி. சில கதைகளில் விவரம் பிசகிவிட்டது என்ற அளவில் நான் பேசவில்லை. ஒரு மொழியில் சொற்றொடர்கள் எப்படி உண்டாகின்றன என்பதைப் பற்றியே இந்த நம்பிக்கை பொய் சொல்கிறது. அந்தப் பொய்யால் கெடுதலும் நடக்கிறது.

முதலில் பாப் மாமாவைப் பார்ப்போம். சாலிஸ்பரி உறவினருக்குப் பதவி கொடுத்ததை அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சாலிஸ்பரியின் குடும்பப் பெயர் செசில். சொந்தக்காரர்களால் நிரம்பிய அவருடைய அரசுக்கு "ஹோட்டல் செசில்" என்று பெயர் வைத்தார்கள். அயர்லாந்தில் பால்ஃபர் நடத்திய அடக்குமுறைக்காக அவருக்கு "ரத்தவெறி பால்ஃபர்" என்ற பட்டம் வந்தது. அந்தக் கேலியும் ஆத்திரமும் அச்சில் ஏறி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. "பாப் உன் மாமா" மட்டும் ஏறவில்லை. கிடைத்திருக்கும் பழைய தடயங்களில் ஒன்று, 1924இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் மேடையேறிய ஒரு கேளிக்கை நிகழ்ச்சியின் விளம்பரம். தொடர்தான் அந்த நிகழ்ச்சிக்குத் தலைப்பு. நியமனத்துக்கும் அதற்கும் இடையே 37 ஆண்டுகள். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளிவந்த திருட்டுப் பாஷை அகராதி ஒன்றிலேயே "எல்லாம் பாப்" என்றால் "எல்லாம் பத்திரம்" என்று இருக்கிறது. அதிலிருந்துதான் இது வந்தது என்று நான் சாதிக்கவில்லை. "பாப்" என்ற சொல்லுக்கு அந்த மொழியின் தெருப்பேச்சில் 200 ஆண்டு வாழ்க்கை இருந்திருக்கிறது. அதற்குப் பிரதமரின் தயவு தேவைப்படவில்லை.

இங்கே எதிர்த்தரப்பு தன் வலுவான வாதத்தை எடுக்கும். பேச்சு முந்தியது, அச்சு பிந்தியது. சாமானியர் வாயில் இருந்த தொடர் புத்தகத்தில் ஏற ஒரு தலைமுறை ஆகலாம். அச்சில் இல்லை என்பதால் இல்லவே இல்லை என்று சொல்லலாமா? நியாயமான கேள்வி. அடக்கி வைக்கப்பட்டவர்களின் பேச்சு அச்சுக்குத் தாமதமாகவே வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்லுக்கு வயது கேட்பதுபோல் கதைக்கும் வயது கேட்க வேண்டும். வாய்வழி நினைவு ஒரு சம்பவத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது என்றால், நடுவில் யாராவது ஒருவர் அந்த நினைவைச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கதைகளை நூல்பிடித்துப் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் சம்பவம் நடந்த காலத்தில் போய் முடிவதில்லை. சொல் பழகிப் பழசான பிறகு, "இது எங்கிருந்து வந்திருக்கும்?" என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்த நாளில் போய் முடிகிறது.

"போஷ்" இதற்குச் சரியான சாட்சி. நம் ஊரிலேயே "போஷ் ஏரியா" என்கிறோம். அதற்குச் சொல்லப்படும் கதை நம்மையும் தொடுகிறது. பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பயணிகளை ஏற்றிவந்த காலம். வெயில் படாத பக்கத்து அறைகளுக்கு மதிப்பு அதிகம். வரும்போது கப்பலின் இடப்பக்கம், ஊர் திரும்பும்போது வலப்பக்கம். கப்பல்காரர் பாஷையில் "போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்". அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளைப் பணக்காரரின் பயணச்சீட்டில் முத்திரையாகக் குத்தினார்கள்; அதுவே "போஷ்" ஆயிற்று.

இந்தக் கதையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. செங்கடலில் தெற்கு நோக்கி வரும் கப்பலுக்கு இடப்பக்கம் கிழக்கு. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். இடப்பக்க அறை நிழலில் இருக்கும். இரும்புச் சுவரைத் தொட்டால் கை சுடும் அந்தக் கடலில், குளிர்சாதனம் இல்லாத காலத்தில், நிழல் பக்கத்து அறை ஒரு வரம்தான். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவது வேறு, நடந்தது வேறு. சீட்டு எங்கே? தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போய்வந்த கப்பல்கள் அவை. சாப்பாட்டுப் பட்டியலையும் பெட்டியில் ஒட்டிய தாளையும்கூடப் பத்திரப்படுத்தி வைக்கிற நாடு அது. அந்த முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்குக் கம்பெனியின் ஆவணங்களிலும் சான்றில்லை.

சொல்லின் வயதையும் கதையின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1918இல் "பஞ்ச்" இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில் விமானப்படை இளைஞன் ஒருவன் தன் தாயிடம் இந்தச் சொல்லைப் பேசுகிறான். தாய்க்குப் புரியவில்லை, அவளுக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அன்றைக்கு அது இளவட்டங்களின் புதுப் பேச்சு என்பது தெரிகிறது. அதற்கு முன்பே, 1892இல் புத்தகமாக வந்த கிராஸ்மித் சகோதரர்களின் நகைச்சுவை நாவலில், தொப்பி வியாபாரத்தில் பணம் சேர்த்த ஒருவருக்கு மர்ரி போஷ் என்று பெயர். அதற்கும் முன்னால் லண்டன் தெருக்களில் "போஷ்" என்றால் அரைப் பென்னி, சில்லறைக் காசு. நாடோடி ரோமானி மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் "பாதி" என்று பொருள். சில்லறைக் காசைக் குறித்த சொல் எப்படிப் பகட்டைக் குறிக்க வந்தது என்பதற்குச் சங்கிலி முழுதாகக் கிடைக்கவில்லை. முதலெழுத்துக் கதை அச்சில் தலைகாட்டுவது 1935இல். 1968இல் "சிட்டி சிட்டி பேங் பேங்" படத்தில் பாட்டாக வந்து ஊரெல்லாம் பரவியது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக உச்சரிக்கும் பழக்கமே முதல் உலகப் போருக்கு முன் அபூர்வம். அப்படிப்பட்ட சொற்களுக்கு "அக்ரனிம்" என்ற பெயரே 1940களில்தான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது.

சில கதைகளைத் தேதி ஒன்றே சாய்த்துவிடும். "பை ஹூக் ஆர் பை குரூக்" என்றால் எப்படியாவது, என்ன செய்தாவது என்று பொருள். அயர்லாந்தின் மேல் படையெடுத்துப் போன ஆலிவர் குரோம்வெல், ஹூக் முனை வழியாகவோ குரூக் ஊர் வழியாகவோ வாட்டர்ஃபோர்டைப் பிடித்தே தீருவேன் என்று சொன்னாராம். குரோம்வெல் அயர்லாந்தில் இறங்கியது 1649இல். இந்தத் தொடர் 1380 வாக்கில் சமயச் சீர்திருத்தவாதி விக்ளிஃபின் பெயரில் வழங்கும் எழுத்துகளிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்து 270 ஆண்டு கழித்துத் தகப்பன் பிறக்க முடியாது. "சர்லாயின்" என்ற மாட்டிறைச்சித் துண்டின் சுவையில் மயங்கி முதலாம் ஜேம்ஸ் அதற்கு "சர்" பட்டம் கொடுத்தார் என்பதும் இதே வகை. இடுப்புக்கு மேற்பகுதி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது; அவர் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் வழங்கியது.

வேறு சிலவற்றுக்குக் கணக்குப் போட வேண்டும். கடுங்குளிரைச் சொல்ல, பித்தளைக் குரங்கின் "பால்ஸ்" உறைந்து விழும் என்பார்கள். "பால்ஸ்" என்றால் குண்டுகள், விதைகள் இரண்டும். பேசுகிறவர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்பது வெளிப்படை. ஆனால் அதைக் கண்ணியமாக்க ஒரு கடற்படைக் கதை வந்தது. போர்க்கப்பல்களில் பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கப் பித்தளைத் தட்டு இருந்ததாம். அதற்குக் "குரங்கு" என்று பெயராம். குளிரில் இரும்பைவிடப் பித்தளை அதிகமாகச் சுருங்குவதால் குண்டுகள் உருண்டுவிடுமாம். ஒரு மீட்டர் பித்தளைத் தட்டு 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் அரை மில்லிமீட்டர் சுருங்கும். இரும்பும் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுருங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அலையில் ஆடும் தளத்தில் கோபுரமாக அடுக்கிய குண்டு குளிருக்காகக் காத்திருக்காது; முதல் அலையிலேயே உருண்டுபோகும். அதனால்தான் குழி வெட்டிய மரச்சட்டங்களில் குண்டுகளை வைத்தார்கள். இதையெல்லாம்விடப் பெரிய சான்று ஹெர்மன் மெல்வில்லிடம் இருக்கிறது. 1847இல் வந்த அவருடைய "ஓமூ" நூலில் பித்தளைக் குரங்கு வருகிறது. அங்கே குளிரே இல்லை. வெயிலில் அந்தக் குரங்கின் மூக்கு உருகிவிடும் என்று ஒருவன் புலம்புகிறான். மூக்கு, வால், காது என்று குரங்கின் எந்த உறுப்பையும் அந்தக் காலத்தில் இந்தத் தொடரில் பொருத்தினார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இந்தக் குரங்கிடம்தான் இருக்கிறது. பித்தளைக் குரங்குக்குப் பின்னால் சம்பவம் ஏதும் இல்லை. வெக்கையில் வியர்த்த, குளிரில் நடுங்கிய ஆட்கள், பக்கத்தில் நிற்பவனைச் சிரிக்க வைக்க ஒரு படிமத்தைப் போட்டார்கள். அது பிடித்துப்போயிற்று. அடுத்தவன் அதை மாற்றினான், அதற்கடுத்தவன் ஒரு படி கூட்டினான். தொடர்கள் பிறப்பது இப்படித்தான். நாம் "வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது" என்கிறோம். எந்த ஆண்டில் எந்த ஊர் வானத்தில் ஓட்டை விழுந்தது என்று எவரும் தேடுவதில்லை. "பேய்மழை" என்கிறோம்; பேய் எப்போது பெய்தது என்று கேட்பதில்லை. வேல்ஸ் நாட்டில் கிழவிகளும் கைத்தடிகளும் மழையாகப் பெய்கின்றன, பிரான்சில் கயிறுகள், செக் நாட்டில் தள்ளுவண்டிகள். ஆங்கிலேயர் "பூனையும் நாயுமாகப் பெய்கிறது" என்றால் மட்டும், 16ஆம் நூற்றாண்டுக் கூரை வீடுகளில் பூனையும் நாயும் மேலே படுத்திருந்து மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு விளக்கம் எதற்கு? 1999 முதல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுரை அதை உலகமெங்கும் கொண்டுபோனது. நாய் கூரைமேல் ஏறிப் படுக்குமா என்று தன் வீட்டு நாயைப் பார்த்துக்கூட யாரும் கேட்கவில்லை. சாமானியன் சும்மா ஒரு படிமத்தை உண்டாக்கியிருப்பான் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை. ராஜாவோ தளபதியோ, அதுவும் இல்லையென்றால் ஒரு கூரையோ வந்துதான் அவனுக்குச் சொல் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் தம் வாயால் செய்த வேலையை, அச்சில் பெயர் உள்ள ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிறார்கள்.

"இருக்கட்டுமே, சுவையான கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பவர்களுக்கு "ரூல் ஆஃப் தம்ப்" என்ற தொடரைக் காட்டுவேன்.

சொல்லுக்குச் சொல் "கட்டைவிரல் விதி". குத்துமதிப்பு, கைக்கணக்கு என்று நாம் சொல்வதுதான். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மா, சரத்தின் நுனியை நடுவிரல் நுனியில் இடுக்கி, முழங்கை மூட்டு வரை இழுத்து மடக்கி, "ஒண்ணு" என்பார். நான் கேட்காமலே கடைசியில் இரண்டு கண்ணி கூட்டிக் கத்தரிப்பார். அவர் கைதான் அளவுகோல். விரற்கடை, சாண், முழம் எல்லாம் உடம்பிலிருந்து எடுத்த அளவுகள். ஐரோப்பாவிலும் அப்படித்தான். டச்சு மொழியில் கட்டைவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல். பிரெஞ்சிலும் ஒரே சொல். தச்சனும் கொத்தனும் கோல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்து அளந்தார்கள். 1692இல் வில்லியம் ஹோப் எழுதிய வாள்பயிற்சி நூலில், முறையாகக் கற்காமல் கைப்பழக்கத்தில் வீசுகிறவனைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொடர் வருகிறது. அதற்கு முன்பே ஸ்காட்லாந்தின் மதபோதகர் ஒருவர், அளவு பார்க்காமல் குத்துமதிப்பாகக் கட்டுகிற கொத்தர்களைச் சொல்லும்போது பயன்படுத்தியிருக்கிறார்.

பரவியிருக்கும் கதை வேறு. தன் கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கோலால் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் அனுமதித்ததாம். அந்தச் சட்டத்தின் பெயர்தான் இதுவாம். அப்படி ஒரு சட்டம் ஆங்கிலச் சட்டப் புத்தகங்களில் இருந்ததே இல்லை. 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி இப்படி ஒரு அபிப்பிராயம் சொன்னதாகப் பேச்சு எழுந்தது. கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அவரை "நீதிபதி கட்டைவிரல்" என்று சித்திரம் போட்டுக் கிழித்தார். புல்லர் அப்படித் தீர்ப்பளித்ததற்கு ஆவணம் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் தொடர் அதற்கு 90 ஆண்டு மூத்தது. அமெரிக்காவில் 1824இல் மிசிசிப்பியிலும் 1868இல் வட கரோலினாவிலும் நடந்த வழக்குகளில் கட்டைவிரல் பருமன் கோல் பேசப்பட்டது. அங்கும் "ரூல் ஆஃப் தம்ப்" என்ற தொடர் இல்லை. 1976இல் டெல் மார்ட்டின் என்ற பெண்ணுரிமைப் போராளி, அடிபடும் மனைவியர் பற்றிய தம் நூலில் பழைய கோல் அளவைச் சொல்லிவிட்டு, சிலேடையாக இந்தத் தொடரைப் பக்கத்தில் வைத்தார். சிலேடை வரலாறாக மாற ஆறே ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. 1982இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் அறிக்கைக்கு அதுவே தலைப்பாயிற்று. 1994இல் ஹென்றி அன்ஸ்கர் கெல்லி சட்டக்கல்வி இதழ் ஒன்றில் இந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்துக் காட்டினார்.

என்ன நஷ்டம் என்றால், உண்மையான கொடுமைக்குப் பொய்ச்சாட்சி சேர்ந்துவிட்டது. மனைவியை மிதமாகத் "திருத்தும்" உரிமை பழைய சட்டத்தில் கணவனுக்கு இருந்ததாக பிளாக்ஸ்டன் 1760களில் எழுதிய சட்ட விளக்கத்திலேயே இருக்கிறது. 1878இல் ஃபிரான்சஸ் பவர் காப் இங்கிலாந்தில் மனைவியர் படும் சித்திரவதை பற்றிக் கட்டுரை எழுதினார். வழக்கு வழக்காக, ஊர் ஊராக, எந்தக் கருவியால் எந்தப் பெண் அடிபட்டாள் என்று அடுக்கினார். அதே ஆண்டு, கணவனின் கொடும் தாக்குதல் நிரூபணமானால் மனைவி பிரிந்து வாழ நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சட்டம் வந்தது. மனைவியை அடைத்து வைக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாக்சன் வழக்கில் சொன்னது 1891இல். ஆதாரத்தோடு நிற்கும் வரலாறு இது. இதைப் பேச வேண்டிய இடத்தில் கட்டைவிரல் கதையைப் பேசினால், எதிரே இருப்பவன் அந்த ஒரு கதையைப் பொய் என்று நிரூபித்துவிட்டு, "பெண்கள் சொன்ன மற்றதும் இப்படித்தான்" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். 1990களில் அதுதான் நடந்தது. காப் தேடிச் சேர்த்த உண்மைகள் ஓரமாகிப்போயின.

கதைகள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையான சம்பவத்தில் பிறந்த தொடர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் தருவார். வேண்டாம் என்றால் நடந்து போகலாம். அவர் 1631இல் இறந்தார். 30 ஆண்டுக்குள் "ஹாப்சன் கொடுக்கும் தேர்வு" என்ற தொடர் விளக்கத்தோடு அச்சில் இருக்கிறது. நாசிக் அருகே தேவ்லாலி முகாமில் ஊர் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, வெக்கையிலும் காய்ச்சலிலும் புத்தி தடுமாறிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்த ஊர்ப் பெயரையே பித்துக்குப் பெயராக்கி, "டூலாலி" என்று கொண்டுபோனார்கள். இரண்டுக்கும் ஆள் இருக்கிறது, ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது, நடுவில் சங்கிலி அறுபடவில்லை.

மனத்தை வாட்டும் உண்மை ஒன்றும் இருக்கிறது. "ஸ்வீட் ஃபேனி ஆடம்ஸ்" என்றால் ஒன்றுமில்லை, சுத்த சூனியம் என்று பொருள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஃபேனி ஆடம்ஸ் எட்டு வயதுக் குழந்தை. ஹாம்ப்ஷயர் மாவட்டம் ஆல்ட்டன் ஊரில் 1867 ஆகஸ்ட் 24 அன்று, விளையாடப் போன இடத்தில், வக்கீல் அலுவலகக் குமாஸ்தா ஒருவன் அவளைக் கடத்திக் கொன்று துண்டாக்கினான். அந்த டிசம்பரிலேயே வின்செஸ்டரில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பின்னர், கடற்படையில் புதிதாக வந்த டின் ஆட்டிறைச்சி பிடிக்காத மாலுமிகள், அதில் இருப்பது அந்தக் குழந்தையின் மிச்சம் என்று பேசினார்கள். அவள் பெயர் மட்டமான இறைச்சிக்குப் பெயராகி, பிறகு பயனற்ற எதற்கும் பெயராகி, கடைசியில் "ஒன்றுமில்லை" ஆயிற்று. ஊர் மக்கள் பணம் சேர்த்து 1874இல் நிறுத்திய கல் ஆல்ட்டன் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று உண்டு. ஆனால் பாப் மாமா கதையையும் கப்பல் சீட்டுக் கதையையும் போட்டுவைத்த அதே தட்டில் இதையும் போட்டால், கேட்பவர் இதையும் இன்னொரு கட்டுக்கதை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார். அந்தக் குழந்தைக்கு இரண்டாம் முறை அநியாயம் நடக்கிறது.

படித்தவர்களும் சறுக்குவார்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்து, பர்னெல் இறந்த பிறகு 1886இல் வெளிவந்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதி எனக்கு மிகப் பிடித்த நூல்களில் ஒன்று. மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழும் ஓலத்தைப் பிரிட்டிஷ் சிப்பாய்களின் காது எப்படிக் கேட்டதோ அதுவே நூலின் பெயர். நம் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கிலத்துக்குள் போனதற்கு அதில் வரிசையாகச் சான்றுகள் உண்டு. அதே நூலில், "ஐ டோன்ட் கிவ் எ டேம்" என்ற தொடர் "தாம்" என்ற இந்தியச் செப்புக்காசிலிருந்து வந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது சாபச் சொல்தான். காசுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி தள்ளிவிட்டது. ஒரு காசு பெறாது என்ற பொருள் அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் யூலும் பர்னெலுமே மயங்கினார்கள். ஆனால் தங்களைத் திருத்தும் கருவியையும் அவர்களே நம் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் யார், எந்த ஆண்டு, எந்த நூலில் எழுதினார் என்று தேதியிட்ட மேற்கோள்களை அடுக்கினார்கள். அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி தன் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து செய்ததும் அதுதான். நாடெங்கும் இருந்த வாசகர்கள் புத்தகங்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, சம்பளம் இல்லாமல் அனுப்பினார்கள். கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் சீட்டு இல்லையென்றால் அகராதியில் இடமில்லை. "மூலம் தெரியவில்லை" என்று அங்கே அச்சாகியிருந்தால், தேடாமல் விட்டார்கள் என்று பொருளில்லை. தேடிப்போன பாதை எங்கே முடிந்தது என்பதை நேர்மையாகச் சொல்கிறார்கள்.

கதை சொன்னால் மாணவர் மனத்தில் தொடர் பதியும் என்கிறார்கள். பதியும்தான். பொருந்தினால் போதும், ஆதாரம் வேண்டாம் என்ற பழக்கமும் கூடவே பதியும். தலபுராணத்தைத் தலபுராணமாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் எத்தனை காசு, எத்தனை கலம் நெல் என்று எழுத்தெண்ணிப் படிக்கிற அதே கண்ணை ஆங்கிலத் தொடர்கள் மேலும் வைக்கச் சொல்கிறேன். மெல்வில்லின் உருகும் மூக்கை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், அதுவும் மறக்காது.

சென்ற ஆண்டு அந்த நாவலுக்கு மறுபதிப்பு வந்தது. கிழவர் அதேபோல் மூடியைத் திருகிவிட்டு அதையே சொல்கிறார். அடிக்குறிப்பை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "வேலை எளிதில் முடிந்தது என்பதற்கு ஆங்கிலப் பேச்சுவழக்கு. 1924இல் டண்டீ நகரில் ஒரு மேடை நிகழ்ச்சியின் தலைப்பாகக் கிடைக்கிறது. பாப் யார் என்று தெரியவில்லை." மெய்ப்புத் தாள் திரும்பி வந்தபோது கடைசி வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் பிழைதிருத்துநர் எழுதியிருந்தார்: "இப்படியே போகலாமா?" அதன் கீழே பேனாவால் "போகலாம்" என்று எழுதி அனுப்பினேன்.